உங்கள் இமெயிலின் உயிர் எந்தக் கிளியிடம் இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஓர் இமெயில் முகவரியை உருவாக்கிக் கொள்கின்றனர். ஆறு மாதம் கழித்து அவர்களின் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தால், படிக்கப்படாத மெயில்களின் எண்ணிக்கை நான்கு இலக்கத்தில் நிற்கும். துணிக்கடைத் தள்ளுபடி, வேலை வாய்ப்புத் தளங்கள், எப்போதோ ஒரு முறை போன் வாங்கிய கடை, வங்கி, ரயில் டிக்கெட் என எல்லாம் ஒரே குவியலாக இருக்கும். கல்லூரியிலிருந்து வந்த ஒரே ஒரு முக்கியமான மெயில் இதன் அடியில் எங்கேயோ புதைந்திருக்கும். "தினமும் பார்க்கிறேன் சார், ஆனால் வேண்டியது மட்டும் கண்ணில் படுவதில்லை" என்பதுதான் பலரும் சொல்லும் குறை.

தர்மபுரி மாவட்ட வாசகர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்தலாம். தர்மபுரி அந்நாளில் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். ஆயுதங்கள் எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, புத்தம் புதிதாக மின்னின. எங்கள் அதியமானின் வேல்களோ முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். யார் போரிட்டவன், யார் சும்மா வைத்திருப்பவன் என்பது தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். புறநானூற்றின் 95ஆம் பாடல் இது. நம் இமெயிலில் உள்ள வசதிகளும் தொண்டைமானின் வேல்களைப் போலத்தான் இருக்கின்றன. எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

அவற்றைக் கற்றுக் கொள்ளப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. 1947ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவிலும், பாட்டி சொன்ன கதைகளிலும் நாம் படித்த வேதாளம், பூதம், மந்திரக் குகை, கிளிக்குள் உயிர், மாயமான் ஆகியவையே போதும். மாயாஜாலக் கதைகளில் இவை திரும்பத் திரும்ப வரக் காரணம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதி இருப்பதுதான். அந்த விதிகள் இமெயிலுக்கும் அப்படியே பொருந்துகின்றன. இங்கே ஜிமெயிலை வைத்து விளக்குகிறேன். யாகூ, அவுட்லுக் ஆகியவற்றிலும் இதே வசதிகள் சற்றே வேறு பெயர்களில் உள்ளன.

வேதாளத்திடம் வாய் திறக்காதீர்கள்

வேதாளக் கதைகள் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே உள்ளன. கதையின் சிக்கல் எல்லோருக்கும் தெரியும். விக்கிரமாதித்தன் பேசாமல் இருந்தால்தான் வேதாளத்தைக் கொண்டு போய்ச் சேர்க்க முடியும். ஆனால் விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் மிரட்டும். அவன் வாய் திறப்பான். அது மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்.

"24 மணி நேரத்தில் பதில் அனுப்பாவிட்டால் உங்கள் அக்கவுண்ட் மூடப்படும்" என்று வரும் மெயில் இதே மிரட்டல்தான். விக்கிரமாதித்தனைப் போல் அல்லாமல், நாம் பேசாமல் இருந்தாலும் தலை வெடிக்காது. பதில் அனுப்பினாலோ, உள்ளே இருக்கும் லிங்க்கைக் கிளிக் செய்தாலோ, "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்பது அனுப்பியவருக்கு உறுதியாகிவிடும். அதன் பின் மெயில்கள் இன்னும் அதிகமாக வரும். "எனக்கு அனுப்பாதீர்கள்" என்று கோபமாக எழுதுவதும் வாய் திறப்பதுதான். இத்தகைய மெயிலைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள ஆச்சரியக் குறி போட்ட ஐகானைக் கிளிக் செய்து 'ரிப்போர்ட் ஸ்பாம்' கொடுத்துவிடுங்கள்.

ஸ்பாமுக்கு வயது அதிகம். 1978 மே மாதத்தில், இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர் விளம்பர மெயில் அனுப்பினார். அதையே முதல் ஸ்பாம் என்கின்றனர்.

நீங்கள் பொருள் வாங்கிய, பெயர் தெரிந்த நிறுவனங்களின் விளம்பரங்கள் வேறு வகை. இவற்றுக்கு, அனுப்பியவர் பெயரின் அருகிலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் தெரியும். அதைக் கிளிக் செய்தால் போதும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மெயில் அனுப்புவோர் தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும், விலகியவர்களை இரண்டு நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024ல் விதித்தன. எனவே இந்தக் கதவு இப்போது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு ஞாயிற்றுக் கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து இருபது கடைகளிலிருந்து விலகிப் பாருங்கள். அடுத்த வாரமே வித்தியாசம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பாம் போல்டரை வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். நல்ல மெயிலும் சில நேரம் அங்கே போய்விடும். அதைத் திறந்து 'நாட் ஸ்பாம்' கொடுத்தால் இன்பாக்ஸுக்கு வந்துவிடும். 30 நாட்கள் ஆனால் ஸ்பாமில் உள்ளவை தாமாகவே அழிந்துவிடும்.

பூதத்துக்குச் சரியான வேலை கொடுங்கள்

ஒருவனுக்கு ஒரு பூதம் கிடைத்தது. வேலை கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனையே விழுங்கிவிடும். மாளிகை கட்டு என்றால் ஒரு நொடி, குளம் வெட்டு என்றால் ஒரு நொடி. கடைசியில் அவன் மனைவி, நாய் வாலை நிமிர்த்தச் சொன்னாள். பூதம் இன்னும் நிமிர்த்திக் கொண்டிருக்கிறது.

இமெயிலில் இந்த பூதத்தின் பெயர் ஃபில்டர். சலிக்காமல், தூங்காமல் உழைக்கும். வரும் ஒவ்வொரு மெயிலையும் பார்த்து, நீங்கள் சொன்னபடி பிரித்து வைக்கும். இதனை எப்படி அமைப்பது எனப் பார்ப்போம்.

ஜிமெயில் தளத்தை பிரவுசரில் திறந்து கொள்ளுங்கள். மொபைல் போனில் உள்ள ஜிமெயில் அப்ளிகேஷனில் ஃபில்டர் அமைக்க வழியில்லை. கம்ப்யூட்டர் வாங்கியதன் பலன்களில் இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மேலே உள்ள தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் சிறிய ஐகான் ஒன்று இருக்கும். அதில் கிளிக் செய்தால் சிறு விண்டோ விரியும். முதல் கட்டமான 'ஃப்ரம்' என்பதில், அந்த வேலை வாய்ப்புத் தளத்தின் இமெயில் முகவரியை டைப் செய்யுங்கள். கீழே உள்ள 'கிரியேட் ஃபில்டர்' என்பதில் கிளிக் செய்திடவும். இப்போது பூதத்துக்கு என்ன கட்டளை என்று கேட்கும் பட்டியல் கிடைக்கும். 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' என்பதிலும் 'அப்ளை த லேபிள்' என்பதிலும் டிக் அடையாளம் ஏற்படுத்தி, 'வேலை' என்று ஒரு லேபிள் பெயர் கொடுங்கள். தமிழிலேயே பெயர் தரலாம். ஏற்கனவே வந்து குவிந்தவற்றையும் பிரிக்க வேண்டும் எனில் 'ஆல்சோ அப்ளை ஃபில்டர்' என்று தொடங்கும் வரியிலும் டிக் செய்து, மீண்டும் 'கிரியேட் ஃபில்டர்' கிளிக் செய்யவும். இனி அந்தத் தளத்தின் மெயில்கள் இன்பாக்ஸை அடைக்காது. இடது பக்கம் 'வேலை' என்ற பெயரின் கீழ் நீங்கள் வரும்வரை காத்திருக்கும்.

பூதத்துக்கு வார்த்தை மட்டும்தான் தெரியும், மனசு தெரியாது. எல்லாக் கதைகளிலும் மனிதன் மாட்டிக் கொள்வது இந்த இடத்தில்தான். 'ஆஃபர்' என்ற சொல் வரும் மெயில்களை எல்லாம் அழித்துவிடு என்று கட்டளை இட்டால், ஆடித் தள்ளுபடியோடு சேர்த்து, ஒரு நிறுவனம் அனுப்பிய வேலை 'ஆஃபர்' கடிதத்தையும் அது மறு பேச்சின்றி அழித்துவிடும். எனவே புதியவர்கள் 'டெலீட் இட்' என்ற கட்டளையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லை வைத்துப் பிரிப்பதை விட, அனுப்புபவர் முகவரியை வைத்துப் பிரிப்பது பாதுகாப்பு.

இதற்கு எதிரான ஃபில்டரும் ஒன்று போடுங்கள். கல்லூரி, வங்கி, அலுவலகம் ஆகியவற்றின் முகவரிகளுக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்', 'ஸ்டார் இட்' என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்போது முக்கியமானவை நட்சத்திரம் சூடிக் கொண்டு வரும். தினமும் நீங்கள் பார்க்க வேண்டியது 'ஸ்டார்டு' என்ற பகுதியையும், ஃபில்டரால் மெலிந்த இன்பாக்ஸையும் மட்டும்தான்.

குகையின் மந்திரச் சொல்

அலிபாபா கதையை 1709ல் பாரிஸில் சிரியா நாட்டைச் சேர்ந்த ஹன்னா தியாப் சொல்ல, பிரெஞ்சு எழுத்தாளர் அந்துவான் காலன் தன் ஆயிரத்தொரு இரவுகள் நூலில் சேர்த்தார். நமக்கு அந்தக் கதை 1956ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப் படத்தால் நன்கு பழக்கம். தர்மபுரியும் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965ல்.

அந்தக் குகையின் பாதுகாப்பில் இரண்டு குறைகள். ஒன்று, சொல்லை ஒளிந்திருந்து கேட்ட எவனும் உள்ளே போகலாம். இரண்டு, உள்ளே போன காசிமுக்கு எள் என்ற தானியத்தின் பெயர் மறந்து போனது. மற்ற தானியங்களை எல்லாம் சொல்லிப் பார்த்தான், கதவு திறக்கவில்லை. பாஸ்வேர்ட் திருட்டு, பாஸ்வேர்ட் மறதி இரண்டும் ஒரே கதையில் வந்துவிட்டன!

எல்லாத் தளங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்தால், ஏதோ ஒரு சிறு தளத்தில் அது கசிந்தாலும் உங்கள் இமெயில் குகையும் திறந்துவிடும். இமெயிலுக்கு மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டை வையுங்கள். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். கூடவே, பாஸ்வேர்டுக்குப் பின் போனிலும் உறுதி கேட்கும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' வசதியை இயக்கிவிடுங்கள். திருடன் சொல்லைக் கேட்டுவிட்டாலும் இரண்டாவது கதவு அவனை நிறுத்தும்.

கிளி யாருடைய கூண்டில்?

இதுதான் முக்கியமான பகுதி. ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் கிளி ஒன்று; மந்திரவாதியின் உயிர் அதில். வாளால் வெட்டினாலும் சாகாதவன், கிளியின் கழுத்தைத் திருகியதும் விழுந்துவிடுவான். ரஷ்யக் கதைகளில் வரும் கொஷ்செய் என்பவனின் உயிர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள் என்று போகும். 2005ல் வந்த ஹாரி பாட்டர் ஆறாம் புத்தகத்தில், வோல்டமார்ட் தன் உயிரைப் பல துண்டுகளாக்கிப் பொருள்களில் ஒளித்து வைத்தது தெரிய வருகிறது. உலகம் முழுவதும் ஒரே விதி: உயிர் உடலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

உங்கள் இமெயிலின் உயிரும் பாஸ்வேர்டில் இல்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொன்னால், புதிய பாஸ்வேர்ட் வைப்பதற்கான எண் எந்தப் போனுக்குப் போகிறதோ, அங்கேதான் இருக்கிறது. அந்த 'ரெக்கவரி' போன் எண்ணும், ரெக்கவரி இமெயில் முகவரியும்தான் கிளிகள். கிளி யார் கையில் இருக்கிறதோ, அக்கவுண்ட் அவர் கையில்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக் கொள்வோம். 2018 முதல் இந்தக் கவுன்சலிங் ஆன்லைனில்தான் நடக்கிறது. வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை. டவுனில் உள்ள ஒரு மையத்துக்கு அப்பாவுடன் போகிறாள். "அக்காவே எல்லாம் போட்டுத் தரேம்மா" என்று அங்கிருப்பவர் அன்பாகவே ஒரு இமெயில் முகவரி உருவாக்குகிறார். கூட்டம் அதிகம், அவசரம். ரெக்கவரி எண் கேட்கும் இடத்தில் கையருகே இருந்த மையத்தின் போன் எண்ணையே டைப் செய்துவிடுகிறார். பாஸ்வேர்டை விண்ணப்பத்தின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். யாரும் தீய எண்ணத்துடன் செய்யவில்லை. ஆனால் அந்தத் தாள் தொலைந்த நாளில், அந்தப் பெண்ணின் உயிர்க்கிளி டவுனில் ஒரு மேசை டிராயரில் இருக்கும். கல்லூரி ஒதுக்கீடு வந்து, ஓரிரு நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டிய நேரத்தில், மையம் பூட்டியிருந்தால்? அல்லது அந்த எண்ணை அவர்கள் மாற்றியிருந்தால்? துண்டிக்கப்பட்ட செல்போன் எண், குறைந்தது 90 நாட்கள் கழித்து முன்பின் தெரியாத வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது கிளி பறந்து அடுத்த ஊருக்கே போய்விடும்.

உங்கள் அக்கவுண்ட் ஏதாவது ஒரு மையத்திலோ, நண்பராலோ, உறவினராலோ உருவாக்கப்பட்டதா? அப்படியானால் இன்றே இதைச் செய்யுங்கள். ஜிமெயிலில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தில் அல்லது எழுத்தில் கிளிக் செய்து, 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்' செல்லவும். அங்கே 'செக்யூரிட்டி' என்று தொடங்கும் பகுதியில் 'ரெக்கவரி போன்', 'ரெக்கவரி இமெயில்' என்ற வரிகள் இருக்கும். அங்கிருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள். இல்லையெனில் அழித்துவிட்டு உங்களுடையதைத் தாருங்கள். மாற்றிய பின்னரும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கே உறுதி எண் அனுப்பும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும் என்பதால், கவுன்சலிங் தொடங்கும் நாளில் இந்த வேலையை வைத்துக் கொள்ளாமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

அதே பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்பதையும் பாருங்கள். உங்கள் அக்கவுண்ட் எந்தெந்தக் கம்ப்யூட்டர்களில் திறந்து கிடக்கிறது என்ற பட்டியல் அது. மையத்துக் கம்ப்யூட்டர் இன்னும் அதில் இருந்தால், தேர்ந்தெடுத்து 'சைன் அவுட்' கொடுத்துவிடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வோல்டமார்ட் கெட்டவன்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதது நல்ல யோசனை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கியவர்களுக்கு 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்து எண்களை கூகுள் தருகிறது. ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். போன் தொலைந்து போனால் இவை கை கொடுக்கும். ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பீரோவிலேயே வையுங்கள். போட்டோ எடுத்து அதே போனில் வைத்துவிட்டால் பயனில்லை.

அட்மிஷன் முடிந்ததும் அந்த முகவரியை மறந்துவிடுபவர்களுக்கு ஒரு சொல். கும்பகர்ணன் ஆறு மாதம்தான் தூங்கினான். நீங்கள் இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்தால், அந்த அக்கவுண்டை கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது.

மாயமானும் சாக்பீஸ் குறியும்

மாரீசன் இரண்டு வேலை செய்தான். முதலில் பொன்மானாக வந்து ஆசை காட்டினான். அம்பு பட்டு விழும்போது, ராமனின் குரலிலேயே அலறி லட்சுமணனை அங்கிருந்து அகற்றினான். மோசடி மெயில்களும் இந்த இரண்டு வகைதான். லாட்டரி விழுந்தது, வருமான வரி திரும்ப வருகிறது என்பவை பொன்மான். "வெளியூரில் மாட்டிக் கொண்டேன், உடனே பணம் அனுப்பு" என்று உங்கள் நண்பரின் பெயரில் வருவது ராமனின் குரல். இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. மெயிலுக்குப் பதில் எழுதாமல், நண்பரின் போன் நம்பரை நீங்களே டயல் செய்து கேட்டுவிடுங்கள்.

வங்கியின் லோகோ அப்படியே இருக்கிறதே என்று சிலர் நம்பிவிடுகின்றனர். அலிபாபா வீட்டை அடையாளம் வைக்கத் திருடன் கதவில் சாக்பீஸால் குறி போட்டான். பணிப்பெண் மார்ஜியானா தெருவில் உள்ள மற்ற வீட்டுக் கதவுகளிலும் அதே குறியைப் போட்டுவிட்டாள். லோகோவும் அந்த சாக்பீஸ் குறி போலத்தான். யார் வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது முகவரியை. அனுப்பியவர் பெயரின் கீழ் உள்ள சிறு அம்புக் குறியில் கிளிக் செய்தால் முழு முகவரி தெரியும். அட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இணையத் தளங்களைப் பொறுத்தவரை, இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முடிவை வங்கிகள் மட்டுமே பெற முடியும். மெயிலில் உள்ள லிங்க் வேறு எங்கேயாவது அழைத்துச் சென்றால் திரும்பிவிடுங்கள். பணம் போய்விட்டது எனத் தெரிந்தால், யோசித்துக் கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

உள்ளே வந்து போன திருடன், பூதம் ஒன்றை விட்டுச் செல்வதும் உண்டு. உங்களுக்கு வரும் மெயில்களைத் தனக்கும் அனுப்பும்படி அமைத்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தொடர்ந்து வேலை செய்யும். சக்கரம் போன்ற செட்டிங்ஸ் ஐகானில் கிளிக் செய்து 'சீ ஆல் செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'ஃபார்வேர்டிங்' என்று தொடங்கும் டேபிலும், 'ஃபில்டர்ஸ்' என்று தொடங்கும் டேபிலும் நீங்கள் அறியாத முகவரி இருந்தால் நீக்கிவிடவும்.

இடம் நிறைந்துவிட்டால்

2004ல் ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் தருகிறார்கள் என்று வாயைப் பிளந்தோம். இப்போது 15 ஜிபி. ஆனால் கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த இடம். நிறைந்துவிட்டால் புது மெயில் வராது. முன்பு சொன்ன தேடல் விண்டோவில் 'சைஸ்' என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் எனக் கொடுத்துத் தேடினால் பெரிய மெயில்கள் மட்டும் வரிசையாகக் கிடைக்கும். வேண்டிய போட்டோக்களை முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து கொண்டு, பிறகு மெயிலை அழியுங்கள். அழித்தவை ட்ராஷ் போல்டரில் 30 நாட்கள் இருக்கும். தவறி அழித்ததை அதற்குள் 'மூவ் டு இன்பாக்ஸ்' கொடுத்து மீட்டுக் கொள்ளலாம். இடம் உடனே வேண்டும் எனில் 'எம்ப்டி ட்ராஷ் நவ்' கிளிக் செய்திடவும்.